வேர்ல்டு சீரீஸ்: பழி யார் மேல்? (கேள்வி பதில்)

பேஸ்பால் வேர்ல்டு சீரீஸ் வரலாறு பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே. அடுத்த ஆண்டு யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. கணிப்பு என் வேலை அல்ல.

கிரிக்கெட் ரசிகன், திருச்சி: சார், ஒன்றும் தெரியாதவனுக்குச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அமெரிக்கன் லீக் சாம்பியனும் நேஷனல் லீக் சாம்பியனும் மோதும் தொடர். ஏழு ஆட்டங்களில் முதலில் நான்கு ஜெயிப்பவருக்குக் கோப்பை. ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் அணிக்கு மூன்று அவுட். சமமாக நின்றால் முடிவு வரும்வரை ஆட வேண்டும். முதல் தொடர் 1903இல். அப்போது ஒன்பது ஆட்டக் கணக்கு. பிட்ஸ்பர்கை பாஸ்டன் 5–3 என்று வென்றது. 1904இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் எதிரணியோடு ஆடவே மறுத்ததால் தொடர் நடக்கவில்லை. 1994இல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம். இரண்டு உலகப் போர்களாலும் நிறுத்த முடியாத தொடர் இந்த இரண்டு முறைதான் நின்றது.

புதுப் பார்வையாளர்: ஒரே ஒரு பழைய ஆட்டம் பார்க்க நேரம் இருக்கிறது. எது?

1960, ஏழாவது ஆட்டம், பிட்ஸ்பர்க் எதிர் நியூயார்க் யாங்கீஸ். தயங்காமல் பாருங்கள். பிட்ஸ்பர்க் 4–0 என்று முன்னேறியது. யாங்கீஸ் அதை 7–4 ஆக்கியது. எட்டாவது இன்னிங்ஸில் சாதாரணமாக உருண்டு வந்த பந்து தரையில் எகிறி யாங்கீஸ் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) டோனி கூபெக்கின் தொண்டையில் அடித்தது. இரட்டை அவுட் ஆகவேண்டிய இடத்தில் ஐந்து ரன் போனது. 9–7. யாங்கீஸ் விடவில்லை, 9–9. ஒன்பதாவதின் கீழ்ப்பாதியில் முதல் ஆளாக வந்த பில் மஸரோஸ்கி ஹோம் ரன் அடித்து முடித்தார். ஏழாவது ஆட்டம் ஒன்று கடைசிப் பந்து ஹோம் ரனில் முடிந்தது அந்த ஒருமுறைதான். அந்த ஆட்டம் முழுவதும் ஒருவர்கூட ஸ்டிரைக்அவுட் (மூன்று ஸ்டிரைக் விழுந்து அவுட்) ஆகவில்லை. வேர்ல்டு சீரீஸில் வேறெந்த ஆட்டத்துக்கும் அந்தப் பெருமை கிடையாது.

இன்று நாம் இதை முழுதாகப் பார்ப்பதே அதிர்ஷ்டம். பிட்ஸ்பர்க் அணியில் பங்கு வைத்திருந்த பாடகர் பிங் கிராஸ்பி, நேரில் பார்க்கும் பதற்றம் தாங்காமல் பாரிஸுக்குப் போய்விட்டார். போகும்முன் ஒளிபரப்பைப் படச்சுருளில் பதியச் சொல்லிவிட்டுப் போனார். சுருள்கள் அவர் வீட்டு ஒயின் அறையில் கிடந்து 2009இல்தான் கிடைத்தன.

நியூஜெர்சி மாமா: 1986இல் பக்னர் ஒரு பந்தை விட்டதால் பாஸ்டன் கோப்பையையே இழந்ததே, எப்படி அந்த ஆள் அதற்குப் பிறகு தூங்கினார்?

மாமா, இந்தக் கேள்விக்காகத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். ஸ்கோர் அட்டையைப் பார்க்காமல் யார் மேலும் பழி போடாதீர்கள்.

அது ஆறாவது ஆட்டம், அக்டோபர் 25, ஷே ஸ்டேடியம். தொடரில் பாஸ்டன் 3–2 முன்னிலை. பத்தாவது இன்னிங்ஸில் 5–3. எதிரணியான நியூயார்க் மெட்ஸுக்கு இரண்டு அவுட், பேஸில் (ரன்னுக்காக ஓடுபவர் நிற்கும் இடம்) யாரும் இல்லை. இன்னும் ஒரே ஒரு அவுட். பாஸ்டன் பிட்சர் (பந்தெறிபவர்) கால்வின் ஷிரால்டி வரிசையாக மூன்று பேருக்கு சிங்கிள் (முதல் பேஸை எட்டும் அடி) கொடுத்தார்: கார்ட்டர், மிட்செல், நைட். 5–4. அடுத்து வந்த பாப் ஸ்டான்லி எறிந்த பந்து கேட்சரைத் தாண்டி ஓடியது. மிட்செல் ஓடிவந்தார். 5–5. கவனியுங்கள்: முன்னிலை அங்கேயே போய்விட்டது. அதற்குப் பிறகுதான் மூக்கி வில்சன் அடித்த பந்து முதல் பேஸில் பில் பக்னரின் கால்களுக்கிடையே போனது.

பக்னருக்குக் கணுக்கால் மோசமாக இருந்தது ஊரறிந்த விஷயம். அந்தத் தொடரில் ஆட்டம் கைக்கு வந்தபின் அவரை உட்காரவைத்து டேவ் ஸ்டேபிள்டனை இறக்குவது வழக்கம். அன்று மேலாளர் ஜான் மெக்நமாரா மாற்றவில்லை. ஏழாவது ஆட்டம் ஒன்று பாக்கி இருந்ததையும் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அதில் பாஸ்டன் 3–0 முன்னிலை பெற்று 8–5 என்று தோற்றது.

2,715 ஹிட் அடித்தவர், 1980இல் நேஷனல் லீகின் பேட்டிங் பட்டம் வென்றவர். அவரை ஒரே பந்தில் அடக்கியது எனக்கு இன்றும் வலிக்கும் அநியாயம். 2008இல் பாஸ்டன் மைதானத்தில் முதல் பந்து எறிய அவரை அழைத்தார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நள்ளிரவு வாசகர்: நட்சத்திர ஆட்டக்காரர் பேப் ரூத்தை யாங்கீஸுக்கு விற்ற சாபம்தானே பாஸ்டனை 86 வருஷம் கோப்பையில்லாமல் வாட்டியது?

இல்லை. நல்ல பிட்சர்கள் போதாமை, மோசமான நிர்வாகம், கறுப்பின ஆட்டக்காரரை 1959 வரை சேர்க்காத பிடிவாதம். கடைசியில் சொன்னதில் எல்லா அணிகளுக்கும் பின்னால் வந்தது பாஸ்டன்தான். காரணம் தேடுபவர் அங்கே தேடட்டும்.

ஷிகாகோ தம்பி: அண்ணா, 1919இல் ஜோ ஜாக்சன் 0.375 சராசரி (அடிக்க வந்த வாய்ப்புகளில் ஹிட் ஆனவற்றின் விகிதம்), 12 ஹிட், ஃபீல்டிங்கில் ஒரு தவறும் இல்லை. காசு வாங்கித் தோற்றவன் இப்படியா ஆடுவான்?

தெரியாதவர்களுக்கு: அந்தத் தொடரில் காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்றதாக ஷிகாகோ ஆட்டக்காரர் எட்டுப் பேர் மேல் குற்றச்சாட்டு, ஜாக்சன் அவர்களில் ஒருவர். அந்த ஆண்டும் ஒன்பது ஆட்டக் கணக்குதான். தம்பி, மொத்தக் கணக்கை ஆட்டம் ஆட்டமாகப் பிரித்துப் பாருங்கள். ஜாக்சன் அடித்து உள்ளே கொண்டுவந்த ரன் ஆறு. முதல் ஐந்து ஆட்டங்களில் அது பூஜ்ஜியம். சின்சினாட்டியிடம் ஷிகாகோ தோற்ற ஐந்தில் நான்கு அவற்றில்தான். அந்தத் தொடரின் ஒரே ஹோம் ரன் அவருடையது. அதுவும் எட்டாவது ஆட்டத்தில், 5–0 என்று பின்தங்கிய பிறகு. 5,000 டாலர் வாங்கியதை 1920 செப்டம்பரில் கிராண்ட் ஜூரி முன் அவரே ஒப்புக்கொண்டார்.

ஷிகாகோ தம்பி: பூஜ்ஜியம் என்றால், முன்னால் ஆள் பேஸில் நிற்கவேண்டாமா? அது மற்றவர்கள் குற்றம்! முதலாளி கோமிஸ்கியும் கஞ்சன்.

பாதி நியாயம். ஐந்து ஆட்டங்களில் ஷிகாகோ எடுத்ததே ஆறு ரன். இரண்டில் ரன்னே இல்லை. அதனால்தான் புள்ளிவிவரம் அவரைக் குற்றவாளியாக்கவும் போதாது, விடுவிக்கவும் போதாது என்கிறேன். வாங்கிய காசு மட்டும் நிச்சயம். கஞ்சன் கதையை விட்டுவிடுங்கள்: சம்பளப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், அந்த அணியின் மொத்தச் சம்பளம் லீகிலேயே உயர்ந்தவற்றில் ஒன்று என்று காட்டிவிட்டார்கள்.

வக்கீல் வாசகி: ஜூரி விடுவித்த பிறகு தடை எந்த ஊர் நியாயம்?

வழக்கு சதி, மோசடி பற்றியது. விளையாடத் தகுதியா என்பது வேறு. 1921 ஆகஸ்ட் 2இல் விடுதலை, மறுநாளே ஆணையர் கெனிசா மவுன்டன் லாண்டிஸ் எட்டுப் பேரையும் ஆயுளுக்கும் வெளியேற்றினார். எட்டுக்கும் ஒரே தண்டனை என்பதைத்தான் நான் ஏற்கவில்லை, அம்மா. முதல் ஆட்டத்துக்கு முன்பே 10,000 டாலர் வாங்கியவர் எடி சிகாட். பக் வீவர் காசே வாங்கவில்லை, 0.324 அடித்தார். பேச்சு நடந்த இடத்தில் இருந்துவிட்டு வாய் திறக்காததுதான் குற்றம். 1956இல் சாகும்வரை மனுப் போட்டுக்கொண்டே இருந்தார். ஜாக்சனுக்காகக் கண்ணீர் விடுபவர்கள் வீவர் பெயரையும் சொல்லுங்கள்.

ஷிகாகோ தம்பி: அப்படியென்றால் 2025இல் தடையை ஏன் நீக்கினார்கள்?

குற்றமற்றவர் என்று சொல்லி நீக்கவில்லை. நிரந்தரத் தடை சாவோடு முடிகிறது என்று ஆணையர் முடிவெடுத்தார். வீவருக்கும், சூதாட்டத்துக்காகத் தடைபெற்ற பீட் ரோஸுக்கும் அதே முடிவுதான்.

வேறொருவர்: பக்னர் பிடித்திருந்தால்?

மேலே எழுதியிருக்கிறேன். பிடித்து அவுட் ஆக்கியிருந்தால் 5–5, பதினோராவது இன்னிங்ஸ். அவ்வளவுதான்.

பழைய பொருள் சேகரிப்பவர்: 1950களின் பந்து ஒன்று கிடைத்தது, விலை?

என் துறை அல்ல. கையெழுத்துகளைச் சோதிக்கும் நிபுணரிடம் காட்டுங்கள்.

ஸ்கார்பரோ அக்கா: 2025 ஏழாவது ஆட்டம், எங்கள் டொராண்டோ. பேஸ் மூன்றும் நிரம்பி, ஒரே அவுட், ஒரு ரன் போதும். கைனர்ஃபலெஃபா மூன்றாம் பேஸிலிருந்து இன்னும் இரண்டடி தள்ளி நின்றிருந்தால் கோப்பை நமக்கு. மன்னிக்கவே முடியவில்லை.

அக்கா, வேதனை புரிகிறது. ஆனால் அதே ஒன்பதாவது இன்னிங்ஸின் மேல்பாதியில் 4–3 முன்னிலையோடு வெற்றிக்கு இரண்டு அவுட் மட்டும் பாக்கி இருந்தபோது எதிரணியான லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸின் மிகெல் ரோஹாஸ் ஹோம் ரன் அடித்தார். கைனர்ஃபலெஃபாவை அவுட் ஆக்க ஹோம் பேஸுக்குப் பந்தை எடுத்து எறிந்ததும் அவரேதான். முந்தின நாள் தொடக்கப் பிட்சராக 96 பந்து எறிந்த டாட்ஜர்ஸின் யமமோட்டோ மறுபடி வந்து கடைசி எட்டு அவுட்டுகளை எடுத்தார். மூன்றாவது ஆட்டத்தை 18 இன்னிங்ஸ் ஆடித் தோற்றதையும் கணக்கில் சேருங்கள். இரண்டடி நிலத்தில் இத்தனையையும் அடுக்க முடியாது.

கடைசி கேள்வி, கோவை: பெர்ஃபெக்ட் கேம் ஒன்றாவது உண்டா?

ஒன்றே ஒன்று. 1956 அக்டோபர் 8, யாங்கீஸ் அணியின் டான் லார்சன், புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு எதிராக. 27 பேர் வந்தார்கள், 27 பேரும் அவுட், 97 பந்துகள். மூன்று நாள் முன்பு இதே தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் ஆறு ரன் முன்னிலை கையில் இருந்தும் இரண்டு இன்னிங்ஸைக்கூட முடிக்க முடியாமல் வெளியே அனுப்பப்பட்டவரும் இதே லார்சன்தான்.