இரவில் ஒன்றாகவும் பகலில் வேறாகவும் தெரியும் அரக்கு நூல்: தறிக்கு ஏற்ற மின்குமிழ் எது?

கேள்வி: மருதமுனையில் வீட்டில் கைத்தறி வைத்திருக்கிறேன். இரவில் எல்.இ.டி. மின்குமிழின் கீழ் ஒன்றாகத் தெரிந்த இரண்டு கட்டு அரக்கு நூலைச் சேர்த்துச் சாறன் நெய்தேன். காலையில் முற்றத்தில் விரித்துப் பார்த்தால் கரையில் ஒரு பட்டை கபில நிறமாகத் தெரிகிறது. மின்குமிழ்ப் பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருக்கிறது. கூடிய வாற்று மின்குமிழ் வாங்குவதா, பழைய இழை மின்குமிழுக்கே திரும்புவதா?

பதில்: சகோதரி, இரண்டும் வேண்டாம். உங்கள் கண்ணில் பிழையில்லை. அந்த மின்குமிழின் ஒளியில் அரக்கு நிறத்துக்கு வேண்டிய சிவப்பு போதாமல் இருக்கிறது. வாற்றைக் கூட்டினால் அதே குறையுள்ள ஒளிதான் கூடுதலாகக் கிடைக்கும்.

எல்.இ.டி.யின் உள்ளே ஒளிவிடும் சிறு மின்னணுப் பாகத்தின் பெயர் இருவாயி (டயோட்). அமெரிக்க ஆய்வாளர் நிக் ஹொலொனியக் 1962இல் சிவப்பு ஒளி தரும் இருவாயியைச் செய்துகாட்டினார். பிரகாசமான நீல ஒளிக்கு முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அகாசாகி, அமானோ, நகமுரா என்ற மூன்று யப்பானிய ஆய்வாளர்களின் உழைப்பால் 1990களின் தொடக்கத்தில் அது கைகூடியது. 2014இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. இன்று வீடுகளில் எரியும் வெள்ளை எல்.இ.டி. பெரும்பாலும் அந்த நீல இருவாயியின் மேல் மஞ்சளாக ஒளிரும் பொஸ்பர் பூசப்பட்டதுதான். நீலமும் மஞ்சளும் கலந்தால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். ஆனால் அதன் நிறமாலையில் ஏறத்தாழ 450 நனோமீற்றர் அலைநீளத்தில் நீலம் உயர்ந்து நிற்க, 480இன் அருகே ஒரு பள்ளம் விழுகிறது. 620ஐத் தாண்டிய ஆழ்ந்த சிவப்போ விரைவாகத் தேய்ந்துவிடுகிறது. வெயிலில் இவையெல்லாம் நிறைவாக உண்டு. விளக்கில் இல்லாத நிறத்தை எந்த நூலாலும் திருப்பி அனுப்ப முடியாது. ஆகவே வெவ்வேறு சாயக் கலவையில் தோய்த்த இரண்டு அரக்கு நூல்கள், அவற்றைப் பிரித்துக் காட்டவேண்டிய சிவப்பு குறைந்த ஒளியில் ஒன்றுபோல் தெரிந்து, பகலில் பிரிந்துவிடுகின்றன. சாயத் தொழிலில் இதை மெட்டமெரிசம் என்பார்கள்.

6500 கெல்வின் என்பது ஒளியின் வெண்மை எந்தச் சாயலில் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். நிறங்களை அது எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லாது. அதற்கு நீங்கள் பார்க்க வேண்டியது சி.ஆர்.ஐ. அல்லது ஆர்.ஏ. என்று அச்சிட்ட எண். அதன் உச்சம் 100; வழக்கமான எல்.இ.டி. மின்குமிழ்களில் ஏறத்தாழ 80 இருக்கும். அந்த எண்ணிலும் ஒரு குறை உண்டு: எட்டு மங்கலான நிறங்களின் சராசரியாகவே அது கணக்கிடப்படுகிறது, அடர்ந்த சிவப்பு அதில் சேர்வதில்லை. அடர்சிவப்புக்கு ஆர்9 என்று தனி எண் இருக்கிறது. ஆர்.ஏ. 80 உள்ள மின்குமிழில் ஆர்9 பூச்சியத்தை ஒட்டியும் இருக்கலாம். அரக்கும் குங்குமச் சிவப்பும் நெய்கிற உங்களுக்கு இந்த எண்தான் முக்கியம். ஆர்.ஏ. 90க்கு மேலும், ஆர்9 குறைந்தது 50ம் உள்ள ஒரு ரியூப் விளக்கைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடுதலாக இருந்தாலும், வீணாகிற ஒரு சாறனோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

இழை மின்குமிழின் ஆர்.ஏ. 100க்கு அருகில் இருப்பது உண்மை. ஆனால் அதன் ஒளியில் நீலம் மிகக் குறைவு. கருநீலத்தையும் கறுப்பையும் பிரித்தறிவது அதன் கீழ் கடினம். அதைவிடப் பெரிய கவலை, தொட முடியாத அளவு சுடும் அதன் கண்ணாடியில் தறியின் பஞ்சுத் தூசி படிவது. எல்.இ.டி.யையும் வாரம் ஒருமுறை அணைத்து, ஆறவிட்டு, உலர்ந்த துணியால் துடையுங்கள். தூசி மூடினால் வெப்பம் வெளியேறாது. உள்ளே மின்னைச் சேமித்துச் சீராக்கும் கொள்ளளவி என்ற பாகம் விரைவில் பழுதாகும்.

வேலை செய்யும் இடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். நெசவுக்கு 500 லக்ஸும், நிறம் பார்க்க 1000 லக்ஸும் வேண்டும் என்பது தொழிலகங்களில் பின்பற்றும் அளவு. முகட்டில் தொங்கும் ஒற்றை மின்குமிழ் அதற்குப் போதாது. மின்குமிழின் தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறையும் என்பதால், விளக்கைத் தறிக்குக் கிட்ட இறக்கி, உங்கள் நிழல் பாவின்மேல் விழாதபடி பக்கவாட்டில் கட்டுங்கள். பச்சைச் சுவர் நூலின்மேல் பச்சையைத் தெறிக்கவைக்கும். தறிக்கு அருகிலுள்ள சுவருக்கு வெள்ளை அடிப்பது நல்லது. கைத்தொலைபேசிக் கமராவில் கறுப்புக் கோடுகள் ஓடினால் அந்த விளக்கு வேகமாகத் துடிக்கிறது என்று பொருள். ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடாவைக் கண்ணால் தொடர அது இடைஞ்சல்.

எந்த விளக்கை வாங்கினாலும், நூலைச் சேர்ப்பது பற்றிய இறுதி முடிவைப் பகலில், நேர் வெயில் படாத சன்னலோரத்தில் எடுங்கள். மாரியில் வானம் இருண்டு கிடக்கும் நாட்களுக்காக, சரிபார்த்த நூல்களில் ஒவ்வொரு துண்டை அட்டையில் சுற்றிச் சாயத் தொகுதி எண்ணை எழுதி வையுங்கள். இப்போது கையிலிருக்கும் இரண்டு கட்டும் வீணாக வேண்டியதில்லை: ஒரு சாறனுக்குள் இரண்டையும் கலக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனிச் சாறனின் கரைக்கு முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.