பச்சை மரப் பீப்பாயும் அறுத்துவிட்ட நங்கூரமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1588இல் இங்கிலாந்து மீது படையெடுத்த ஸ்பானிய அர்மடா என்ற கப்பற்படையைப் புயல்தான் அழித்தது என்று பள்ளியில் படித்தேன். சுமார் 130 கப்பல், கிட்டத்தட்ட 30,000 ஆட்கள். இவ்வளவு பெரிய படை வெறும் காற்றுக்கா தோற்றது? இங்கிலாந்து குடியேற்றங்களை அமைக்க வழிவிட்டதும் அந்த வெற்றிதானா?

வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

புயல் கடைசியில்தான் வந்தது. கேடு ஒரு வருடம் முன்பே தொடங்கிவிட்டது. 1587 ஏப்ரலில் ஆங்கிலக் கடற்படைத் தளபதி டிரேக் ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தில் புகுந்து கப்பல்களை எரித்ததைப் பலரும் சொல்வார்கள். அதன்பின் போர்ச்சுகலின் தென்மேற்கு முனையில் அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சரக்குப் படகுகளை மறித்து, பீப்பாய் செய்யக் கொண்டுபோன பலகைகளையும் வளையங்களையும் ஆயிரம் டன்னுக்கு மேல் கொளுத்தினார்.

கப்பலில் தண்ணீர், ஒயின், உப்பிட்ட இறைச்சி எல்லாம் பீப்பாயில்தான் இருக்கும். அதற்கு நன்றாகக் காய்ந்த ஓக் பலகை வேண்டும். காய்ந்த பலகை ஈரம் பட்டதும் ஊதி இடுக்கை அடைத்துக்கொள்ளும். பச்சை மரமோ காயக் காயச் சுருங்கும். இடுக்கு விட்டுத் தண்ணீர் கசியும், காற்று புகுந்து இறைச்சி அழுகும். மே மாதம் லிஸ்பனில் கிளம்பிய அர்மடா ஜூனில் வடமேற்கு ஸ்பெயினின் லா கொருனா துறைமுகத்தில் ஒதுங்கியபோதே உணவு கெட்டிருந்தது.

அடுத்தது பீரங்கி. ஆங்கிலேயரின் பீரங்கி நான்கு சிறு சக்கரம் வைத்த குட்டை வண்டியில் இருந்தது. உள்ளே இழுத்து, குழலை ஈரத்துணியால் துடைத்து, வெடிமருந்தும் குண்டும் திணித்து, கயிற்றால் மறுபடி வெளியே தள்ளிவிடலாம். ஸ்பானியக் கப்பல்கள் பலவற்றில் இருந்ததோ இரண்டு பெரிய சக்கரமும் நீண்ட வாலும் கொண்ட வண்டி. தரைப்போருக்குச் சரி, நெருக்கமான தளத்தில் அதைத் திருப்ப இடமேது? ஒருமுறை சுட்டுவிட்டு எதிரிக் கப்பலில் ஏறிப் போரிடுவதே அவர்கள் வழக்கம். பீரங்கிக்கு உதவிய சிப்பாய்களும் அதற்காகத்தான் மேலே போய்விடுவார்கள். ஆங்கிலேயர் அந்த நெருக்கத்துக்கு இடமே கொடுக்கவில்லை. ஆனால் தூரத்திலிருந்து சுட்டு அவர்களாலும் முதல் வாரத்தில் ஒரு கப்பலைக்கூட மூழ்கடிக்க முடியவில்லை. கலே துறைமுகத்துக்குக் கிழக்கே கிராவலைன்ஸ் கரையருகே நடந்த சண்டையில் கூப்பிடு தூரத்துக்குள் வந்த பிறகே குண்டுகள் பலகையைத் துளைத்தன.

அதற்கு முந்தைய இரவு, கலே துறைக்கு வெளியே, ஆங்கிலேயர் தீவைத்து அனுப்பிய எட்டுக் கப்பல்கள் காற்றோடு மிதந்து வந்தன. நங்கூரத்தைத் தூக்க நேரமில்லாமல் ஸ்பானியர் வடங்களை அறுத்துவிட்டார்கள். பல கப்பல்கள் தங்கள் சிறந்த நங்கூரங்களை அங்கேயே இழந்தன. அதன்பின் ஸ்காட்லாந்தைச் சுற்றி ஸ்பெயினுக்குத் திரும்பும்போது ஆளுக்கு ஒரு நாளைக்குக் கால் கிலோ பிஸ்கட், அரை லிட்டர் தண்ணீர், கொஞ்சம் ஒயின். குதிரைகளைக் கடலில் தள்ளினார்கள். செப்டம்பரில் அயர்லாந்துக் கரையில் காற்று அடித்தபோது பிடித்து நிற்க நல்ல நங்கூரம் இல்லை. ஸ்லைகோ அருகே ஸ்ட்ரீடா மணற்கரையில் மட்டும் மூன்று கப்பல்கள் உடைந்தன, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: இல்லை. ஸ்பெயின் கடற்படையைத் திரும்பக் கட்டிக்கொண்டது, போர் 1604 வரை நீடித்தது. உடனடி விளைவோ நேர்மாறானது. 1587இல் வட அமெரிக்காவின் ரோனோக் தீவில் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட ஆங்கிலேயர் குடியேறியிருந்தார்கள். உணவும் உதவியும் கொண்டுவர இங்கிலாந்து திரும்பிய அவர்களுடைய ஆளுநர் ஜான் வைட்டுக்கு, அர்மடா அபாயத்தால் பெரிய கப்பல்கள் கிடைக்கவில்லை. 1590இல் அவர் போய்ச் சேர்ந்தபோது குடியிருப்பில் ஒருவரும் இல்லை.