வீட்டைப் பசுமையாகப் புதுப்பிக்க மூன்று லட்சம் கூடுதலாகக் கடன் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். வேலூர் சத்துவாச்சாரியில் என் மாமனார் 1991ல் கட்டிய வீட்டில் இருக்கிறோம். ஆயிரம் சதுர அடி, மேலே மொட்டை மாடி. மொசைக் தரை, தேக்குக் கதவு, எல்லாம் அந்தக் காலத்து வேலை. இப்போது வீட்டைப் புதுப்பிக்கப் போகிறோம். சாதாரணமாகச் செய்தால் 8.2 லட்சம், சுற்றுச்சூழலுக்கு ஏற்ற பொருட்களை வைத்துச் செய்தால் 11.4 லட்சம் என்று காண்ட்ராக்டர் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார். எங்களிடம் லட்சம் லட்சமாக ஆறு எஃப்டி ரசீது இருக்கிறது. மீதி 5.4 லட்சத்துக்கு அவருக்குத் தெரிந்த இடத்தில் 14 சதவீத வட்டியில் ஐந்து வருடத் தனிநபர் கடன் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறோம். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். மாமனாருக்கு வீசிங் இருக்கிறது. ஈபி பில்லில் இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் வருகிறது, கோடையில் ஏசி ஓடினால் 850 வரை போகிறது. பூமிக்கு நல்லதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆசை. பணக்காரர்கள் செய்வதை நாம் ஏன் செய்ய வேண்டும் என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, உங்கள் ஆசை சரி, இந்த எஸ்டிமேட்தான் சரியில்லை. இது பணக்காரர்கள் விஷயம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுத் தண்ணீரையும் நிலத்தடி நீரையும் கெடுத்து, நம் ஊர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன மண் இது. மண்ணும் தண்ணீரும் கெட்டால் முதலில் யார் அடிபடுவார்கள் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

நீங்கள் அனுப்பிய எஸ்டிமேட்டை வரிவரியாகப் படித்தேன். கூடுதலாகக் கேட்கும் 3.2 லட்சத்தில் மூங்கில் தரைக்கு 90 ஆயிரம், மானியம் போக 3 கிலோவாட் சோலாருக்கு 1.15 லட்சம், பெயிண்டுக்கு 40 ஆயிரம், சமையலறை பிளைவுட்டுக்கு 45 ஆயிரம், மாடியில் அடிக்கும் வெயில் தடுப்பு பெயிண்டுக்கு 30 ஆயிரம். இவற்றில் ஒன்றிரண்டு உங்களுக்கு நிஜமாகவே வேண்டியவை. அதைவிட முக்கியமாக, இந்தப் பட்டியலிலேயே இல்லாத ஒன்றுதான் எல்லாவற்றையும்விடப் பசுமையானது: உடைக்காமல் விடுவது. முப்பது வருடத்துக்கு மேல் உழைத்தும் இன்னும் கெடாமல் இருக்கும் மொசைக் தரையைப் பெயர்த்து, அந்த இடிபாட்டை லாரியில் ஏற்றி எங்கேயோ ஒரு ஏரிக்கரையில் கொட்டிவிட்டு, அதன் மேல் எவ்வளவு நல்ல பொருளைப் போட்டாலும் கணக்கு நேராகாது.

மூங்கில் சீக்கிரம் வளரும் புல்வகை என்பது உண்மை. ஆனால் தரைப் பலகையாக நம் வீட்டுக்கு வருவது பசை போட்டு அழுத்தி, வெகுதூரம் வண்டியேறி வந்த மூங்கில். அதோடு நாம் தினமும் வாளித் தண்ணீர் வைத்துத் துடைப்பவர்கள், பண்டிகைக்கு வீட்டையே கழுவி விடுபவர்கள். அதை அந்தத் தரை தாங்காது. சாதாரண எஸ்டிமேட்டில் டைல்ஸுக்குப் போட்டிருக்கும் 1.3 லட்சமும் வேண்டாம், மூங்கிலும் வேண்டாம். மொசைக்கை மெஷின் வைத்துப் பாலிஷ் போடுங்கள், 25 ஆயிரம் ஒதுக்கினால் போதும். தேக்குக் கதவும் அப்படித்தான். அதைக் கழற்றிவிட்டுப் புதுக் கதவு மாட்ட 70 ஆயிரம் போட்டிருக்கிறார். கழற்றும் பழைய தேக்கு யாருக்குப் போகும் என்று அவரிடம் கேட்டீர்களா? அந்தக் கதவைத் தேய்த்துப் பாலிஷ் செய்தால் உங்கள் பேரப்பிள்ளை காலத்துக்கும் இருக்கும். 15 ஆயிரம் வையுங்கள்.

அப்புறம் மாடி. வேலூரில் வீட்டைப் புதுப்பிக்கிறவர் முதல் ரூபாயை மொட்டை மாடியில்தான் போட வேண்டும் என்பேன். கத்திரி வெயில் நாட்களில் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்த கான்கிரீட், ராத்திரி பத்து மணிக்குக் கட்டிலில் படுத்தவர் மேல் அதைக் கொட்டுகிறது. உங்கள் கோடை பில் 850 யூனிட்டுக்கு ஏறுவது ஏசியால் மட்டுமில்லை, அந்தத் தளத்தாலும்தான்.

ஆனால் நேராகப் பெயிண்டுக்குப் போய்விடாதீர்கள். எங்கள் வீட்டில் நான் அந்தத் தவறைச் செய்தேன். அடிக்க வந்தவர் விரிசலை அடைக்கவில்லை, ஓதம் காய்ந்ததா என்றும் பார்க்கவில்லை, இரண்டு கோட் அடித்துவிட்டுப் போய்விட்டார். ஐப்பசி மழை முடிந்ததும் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. கொடுத்த 22 ஆயிரமும் போனது, அடுத்த கோடை முழுக்க அம்மா கீழ் அறையில் தூக்கமில்லாமல் புரண்டார். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இந்த ஞாயிறு காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால், ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதித்த தளமென்றால் ஒவ்வொரு ஓடாக நாணயத்தால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் அடியில் கலவை பிடித்திருக்கிறது. பொக்கென்று கேட்டால் விட்டுப்போயிருக்கிறது, தண்ணீர் அதற்குள்தான் இறங்குகிறது. அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுங்கள். அப்புறம் நாலைந்து வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு நில்லுங்கள். தண்ணீர் மழைநீர்க் குழாய்ப் பக்கம் ஓடுகிறதா, நடுவில் குட்டையாக நிற்கிறதா? வட்டங்கள் பத்துப் பதினைந்துதான், தண்ணீரும் ஒழுங்காக ஓடுகிறது என்றால், கெட்ட ஓடுகளை மட்டும் மாற்றி, சந்துகளை அடைத்து, மேலே வெள்ளை வெயில் தடுப்புப் பூச்சு அடித்தால் போதும். மாடி முழுக்க வட்டமாக இருந்தால் பழையதைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகச் சுருக்கி போட வேண்டும். அதாவது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, கட்டையால் அடித்து இறுக்கி, அதன் மேல் தட்டோடு. நம் பக்கத்து வயதான கொத்தனார்களுக்கு இந்த வேலை கைவந்தது. எல்லாமே பக்கத்தில் கிடைக்கும் பொருள், சிமெண்ட் செலவும் குறைவு. மாடிக்கு மொத்தமாக ஒரு லட்சம் ஒதுக்குங்கள். வேலையைத் தை, மாசியில் வையுங்கள், மழையும் இருக்காது, வெயிலும் கொல்லாது.

மாடியைத் தொடும்போதே மழைநீர்க் குழாயையும் சரிபார்த்துவிடுங்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் வருடத்துக்கு 900 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 80 ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர். தமிழ்நாட்டில் 2003லேயே மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அப்போது போட்ட குழாய் பல வீடுகளில் அடைத்துக்கொண்டு கிடக்கிறது.

இப்போது ஃபேன். இதைப் படித்துவிட்டு வீட்டுக்காரரிடமும் காட்டுங்கள். உங்கள் பழைய ஃபேன் ஒன்று ஏறக்குறைய 75 வாட் இழுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி வகை ஃபேன் 28 வாட். நான்கு ஃபேன், தலா பத்து மணி நேரம், அறுபது நாள் என்று கணக்குப் போட்டால் ஒரு பில்லுக்கு சுமார் 113 யூனிட் மிச்சம். உங்கள் 600 யூனிட் 487க்கு இறங்கிவிடும். இங்கேதான் விஷயமே இருக்கிறது. நம் ஈபி கணக்கில் 500 யூனிட் ஒரு கோடு. அதைத் தாண்டிவிட்டால் மேலே ஓடும் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் போவதோடு, 101லிருந்து 200 வரை கிடைக்கும் சலுகை விலையும் கைவிட்டுப் போய்விடும். 600 யூனிட்டுக்கு 2,900 ரூபாய்க்கு மேல் கட்டுகிற நீங்கள், 487க்கு 1,800க்குள் கட்டுவீர்கள். நான்கு ஃபேனுக்கு 12 ஆயிரம் செலவானாலும் இரண்டு வருடத்துக்குள் அந்தப் பணம் திரும்பிவிடும். இது உங்கள் காண்ட்ராக்டரின் பசுமைப் பட்டியலில் இல்லவே இல்லை!

ஃபேனுக்கும் மாடிக்கும் பிறகுதான் சோலார். ஒரு கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமாராக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்துக்கு 720 யூனிட், உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. மிஞ்சுவதை ஈபிக்கு விற்றுச் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வாங்கும் விலையும் விற்கும் விலையும் ஒன்றல்ல. 2 கிலோவாட் போதும். 2024ல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் அதற்கு மத்திய அரசு மானியம் 60 ஆயிரம், 3 கிலோவாட்டுக்கு 78 ஆயிரம். மூன்றாவது கிலோவாட்டுக்கு மானியம் 18 ஆயிரம்தான் என்பதைக் கவனியுங்கள். அந்தத் திட்டத்திலேயே தனிநபர் கடனைவிட மிகக் குறைந்த வட்டியில் வங்கிக் கடனும் உண்டு, சோலார் போடுவதென்றால் அதைத் தனியாக அதில் வாங்குங்கள், வீட்டு வேலைக் கடனோடு கலக்காதீர்கள். பில் 500க்குள் வந்துவிட்ட வீட்டில் சோலார் போட்ட பணம் திரும்ப ஆறேழு வருடமாகும். தப்பில்லை, பேனல் அதைத் தாண்டியும் பல வருடம் உழைக்கும். அவசரமும் இல்லை. ஒரு கோடையை மாடியும் ஃபேனும் எப்படிக் கடத்துகின்றன என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பெயிண்டில் கஞ்சம் பிடிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் வீடு முழுக்கவும் வேண்டாம். மாமனார் படுக்கும் அறைக்கும் மகள் அறைக்கும் வாடை குறைந்த, விஓசி (பெயிண்டிலிருந்து காற்றில் கலக்கும் வேதி ஆவி) குறைவான பெயிண்ட் வாங்குங்கள், 15 ஆயிரம் கூடுதலாக ஆகட்டும். இது மருந்துச் செலவு மாதிரி, திரும்ப வருமா என்று பார்க்கக் கூடாது. காம்பவுண்டுக்குச் சுண்ணாம்பே போதும். இன்னொன்று, பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017ல்தான் அமலுக்கு வந்தது. உங்கள் ஜன்னலில் இருப்பது 1991 எனாமல். அதைக் காய்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பறக்கும் தூளில் ஈயம் இருக்கலாம். ஈரமாக்கித் தேய்க்கச் சொல்லுங்கள், அந்த நாட்களில் மாமனாரை உறவினர் வீட்டில் விடுங்கள்.

பூச்சு வேலைக்கு ஓபிசி, அதாவது சாம்பல் கலக்காத சாதாரண சிமெண்ட் என்று எழுதியிருக்கிறார். நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி போதும், விலையும் குறைவு, கரிப்புகையும் குறைவு. பூச்சைப் பத்து நாளாவது தண்ணீர் விட்டு ஈரமாக வைக்க வேண்டும், அதை மட்டும் விடாமல் பாருங்கள். ஆற்று மணலுக்குப் பதில் பி-சாண்ட் (பூச்சுக்கான செயற்கை மணல்) என்று எழுதி வாங்குங்கள், பாலாற்றில் இன்னும் மணல் அள்ளியது போதும். சிமெண்ட் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22லிருந்து 28 சதவீதத்திலிருந்து 18க்கும், சோலார் சாதனங்களுக்கு 12லிருந்து 5க்கும் குறைந்துவிட்டது. எஸ்டிமேட் பழைய வரியில் போட்டதா என்று கேளுங்கள். பசுமைப் பொருள் என்று எதைக் காட்டினாலும் ஈகோமார்க், கிரீன்புரோ மாதிரி முத்திரை அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள், பச்சை இலைப் படம் முத்திரையாகாது.

சமையலறைக்குச் சாதாரண எஸ்டிமேட்டில் 2.2 லட்சம். அதை மகள் கல்லூரியில் சேர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். கடப்பாக்கல் அலமாரி இன்னும் இரண்டு வருடம் தாங்கும். பிறகு செய்யும்போது பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு வாடை குறைந்த ஈ0 அல்லது ஈ1 தர பிளைவுட் கேளுங்கள்.

இப்போது பணம். வயரிங், பாத்ரூம், பூச்சு, பெயிண்ட் சேர்த்து 4 லட்சம் தவிர்க்க முடியாதது. மாடி 1 லட்சம், தரையும் கதவும் 40 ஆயிரம், ஃபேனும் நல்ல பெயிண்டும் 27 ஆயிரம். மொத்தம் 5.67 லட்சம். எஃப்டியில் மூன்று ரசீதை உடையுங்கள், வட்டி குறைவாக உள்ளதையும் கடைசியாகப் போட்டதையும் முதலில். மற்ற மூன்று மகளின் கல்லூரிக்கு, அதைத் தொடவே கூடாது. மீதி 2.7 லட்சத்துக்கு உங்கள் வங்கியில் வீட்டைப் புதுப்பிக்கும் கடன் கேளுங்கள். 9 சதவீதத்தில் ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 5,600, மொத்த வட்டி 66 ஆயிரம். காண்ட்ராக்டர் சொன்ன வழியில் தவணை 12,500ஐத் தாண்டும், வட்டி மட்டும் 2.1 லட்சத்துக்கு மேல், எஃப்டியும் பூராவும் காலி. வருமான வரியில் பழைய முறையில் இருந்தால் இந்தப் புதுப்பிப்புக் கடன் வட்டியில் வருடத்துக்கு 30 ஆயிரம் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில், நீங்களே குடியிருக்கும் வீட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது.

கடன் ஏற்பாட்டையும் வேலையையும் ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள். வேலை முடிய முடியப் பணம் கொடுங்கள், மாடி வேலைக்கான கடைசித் தவணையை ஒரு மழை பார்த்த பிறகு.

ஞாயிற்றுக்கிழமை நாணயத்தால் தட்டியதில் எத்தனை வட்டம் விழுந்தது என்று எழுதுங்கள். அதைப் பார்த்து அந்த ஒரு லட்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.