வாடைக்காலத்தில் பெயிண்ட் அடிக்கலாமா? – மாடல் கார் கேள்வி பதில்

இந்த இதழுக்கு மண்டபத்திலிருந்து தொண்டி வரை கடற்கரை ஊர்க்காரர்களின் கேள்விகளாகவே எடுத்துக்கொண்டோம். பாகங்களை ஒட்டிச் செய்யும் மாடல் கார் கிட் பெட்டியில் வரும் குறிப்புத்தாள் உங்கள் ஊர்க் காற்றையும் கிணற்றுத் தண்ணீரையும் கணக்கில் வைத்து எழுதப்பட்டதல்ல. பாதிக் கேள்விகளுக்குக் காரணம் அதுதான்.

1/24 அளவு காருக்கு டாமியா டி.எஸ்-14 கறுப்பு ஸ்பிரே அடித்தேன். மழை இல்லை, மேகமூட்டம் மட்டும்தான். பத்து நிமிடத்தில் கூரையும் பானெட்டும் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துவிட்டன. கேன் பழையதா? – மண்டபம் வாசகர்

கேன் நல்ல கேன்தான். அதில் இருப்பது லாக்கர் பெயிண்ட். அதிலுள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பாடியின் மேற்பரப்பைக் குளிர வைக்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ச்சியே போதும். ஈரம் படிந்து, இன்னும் காயாத பெயிண்டுக்குள் சிக்கிக்கொள்ளும். அதுதான் அந்த வெளுப்பு. வெள்ளை, கிரீம் நிறங்களில் கண்ணுக்குத் தெரியாமல் தப்பிவிடும், கறுப்பில் உடனே காட்டிக் கொடுத்துவிடும். பளபளப்பில்லாத, நிறமற்ற மேல்பூச்சான மேட் கிளியரிலும் இதே கதைதான்.

ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் ஊரில் விடிகாலையும் மாலையும் ஸ்பிரே அடிக்கவே வேண்டாம். இரவு ஈரம் வடிந்து, கடற்காற்று பலமாக எழுவதற்கு முன் உள்ள நேரம், அதாவது காலை 10 முதல் 12 வரை, ஓரளவு பரவாயில்லை. காற்றின் ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்றை வாங்கி மேசையில் வையுங்கள். 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தைரியமாக அடிக்கலாம். 75 தாண்டினால் பளபளக்கும் கிளாஸ் நிறத்தைத் தள்ளிப்போட்டு, இன்ஜின், சேஸிஸ் வேலையைப் பாருங்கள். தொடங்கும் முன் பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்றின் முதுகில் அடித்துப் பாருங்கள். ஸ்பூன் வெளுத்தால் பாடியும் வெளுக்கும்.

பலர் கவனிக்காத இரண்டு விஷயங்கள். ஏசி அறையில் வைத்திருந்த பாடியை வெளியே கொண்டுவந்த உடனே அடித்தால், குளிர்ந்த பிளாஸ்டிக்கில் முன்பே ஈரம் படிந்திருக்கும். அரை மணி நேரம் வெளியில் இருக்கட்டும். அடுத்தது கேன். தொடர்ந்து அடிக்க அடிக்க உள்ளே திரவமாக உள்ள வாயு ஆவியாகிக் கேனே சில்லிட்டுப்போகும், துளிகளும் பெரிதாகும். கை பொறுக்கும் சூட்டிலுள்ள தண்ணீரில், 40 டிகிரிக்கு மேல் போகாமல், கேனை ஐந்து நிமிடம் நிறுத்தி, துடைத்து, நன்றாகக் குலுக்கி அடியுங்கள். அடுப்பின் பக்கம் கொண்டுபோகவே கூடாது; 50 டிகிரிக்கு மேல் போனால் கேன் வெடிக்கலாம்.

வெளுத்ததைச் சரிசெய்ய முடியும். கம்ப்ரசர் காற்றில் பெயிண்ட் தூவும் பேனா போன்ற ஏர்பிரஷ் இருந்தால், ஈரம் குறைந்த ஒரு நாளில் மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரை மட்டும் 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் பனிபோல் மெல்லியதாக விடுங்கள். மேல் படலம் இளகி, சிக்கிய ஈரம் வெளியேறிக் கறுப்பு திரும்பும். ஒரே இடத்தில் நின்றால் வழிந்துவிடும். கை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஏர்பிரஷ் இல்லையென்றால் ஒரு வாரம் காயவிட்டு, 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்து, அதே கறுப்பை இன்னும் ஒரு கோட் அடியுங்கள்.

லெவலிங் தின்னரில் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் கலந்திருக்கிறது. அதனால்தான் கடலோரத்துக்கு அது தோது. ஏர்பிரஷில் அடிப்பதானால் பெயிண்ட் 1 பங்கு, தின்னர் 1.5 முதல் 2 பங்கு, 0.3 மி.மீ. நாசில், 15 முதல் 18 பி.எஸ்.ஐ. இரண்டு மெல்லிய கோட், நடுவில் 20 நிமிடம், கடைசியில் ஒரு நனைந்த கோட். இதில் ஒரு தொல்லையும் உண்டு: பெயிண்ட் நெடுநேரம் ஈரமாக இருப்பதால் தூசி வந்து ஒட்டும். வாடையில் ஈரம் என்றால் கச்சான் என்ற மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மணல் தூசி. அடித்த கையோடு பெரிய பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து மேலே ஈரத்துணி போட்டு மூடுங்கள், துணி பாடியைத் தொடக்கூடாது. காற்றுப் புகாத டப்பாவில் முதல் நாளே வைத்துவிடாதீர்கள். கரைப்பான் வெளியேற வழியில்லாமல் பெயிண்ட் ரப்பர்போல் மெத்தென்று கிடக்கும். மறுநாள் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்கு மாற்றலாம். பாலிஷ் போடுவது குறைந்தது ஏழு நாள் கழித்து.

ஏர்பிரஷிலிருந்து திடீரென்று தண்ணீர்த் துளி தெறித்து, அடித்த பெயிண்ட் பாழாகிறது. – பாம்பன் வாசகர்

காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் நீராகப் பிரியும். டேங்க் உள்ள கம்ப்ரசர் என்றால் அடியிலுள்ள வால்வைத் திறந்து தினமும் வடியுங்கள். வாடைக்காலத்தில் வேலைக்கு நடுவிலும் ஒரு முறை. டேங்க் இல்லாத சின்ன கம்ப்ரசர் சூடாகும், அந்தச் சூட்டுக் காற்று ஹோஸில் ஆறும்போதுதான் துளி உருவாகிறது. ஆகவே கம்ப்ரசர் பக்கம் மட்டும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் மாய்ஸ்சர் டிராப் வைத்தால் போதாது. ஏர்பிரஷ் கைப்பிடிக்கு அடியில் மாட்டும் சிறிய டிராப் ஒன்றும் வேண்டும். ஹோஸ் 3 மீட்டர் இருக்கட்டும்.

டீகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர்) ஒட்டிக் காய்ந்ததும் அதைச் சுற்றிலும் அடியிலும் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. டீகால் பழசாகிவிட்டதா? – தேவிபட்டினம் வாசகி

உங்கள் தண்ணீர்தான். அல்லது அடியில் சிக்கிய காற்று. எது என்று பார்க்க எளிய வழி: வெள்ளை இடத்தில் ஈர விரலை வையுங்கள். நனைந்ததும் மறைந்து, காய்ந்ததும் திரும்பினால் உப்பு. நனைத்தாலும் வெள்ளிபோல் மினுங்கினால் காற்று.

உப்பு என்றால் மருந்து எளிது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் பெட்ரோல் பங்க்கிலேயே கிடைக்கும். டீகால் நனைப்பது, மேலே ஒற்றுவது, கடைசியில் பசையைத் துடைத்தெடுப்பது எல்லாம் அதில்தான். வாட்டர் பேப்பர் தேய்க்கும் கடைசி அலசலுக்கும் அதையே வையுங்கள். இது அழகுக்காக மட்டும் சொல்வதல்ல. கதவு இடுக்கில் காய்ந்த உப்பின் மேல் பெயிண்ட் அடித்தால், அந்த உப்பு காற்றின் ஈரத்தைப் படலத்தின் வழியாகவே உறிஞ்சும். சில மாதத்தில் கடுகளவு கொப்புளங்கள் எழும்பும். அப்போது பெயிண்டைச் சுரண்டுவதைத் தவிர வழியில்லை.

காற்று சிக்கியதென்றால் மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்திருக்கிறது. மேட் பெயிண்ட் மேல் நேராக டீகால் ஒட்டக்கூடாது. முதலில் கிளாஸ் கிளியர். 10, 15 விநாடி நனைத்து எடுத்து, டிஷ்யூ மேல் ஒரு நிமிடம் வைத்து, காகிதத்தின் மேல் தானாக வழுக்கும்போது நகர்த்துங்கள். ஏற்கெனவே மினுங்கும் இடத்தில் மெல்லிய ஊசியால் நாலைந்து குத்துக் குத்தி, டீகாலை இளக்கும் திரவமான மார்க் சாஃப்டர் ஒரு சொட்டு. டீகால் சுருங்கும், பயந்து விரலால் தொட்டுவிடாதீர்கள், தானே படியும். மேலே லாக்கர் கிளியர் அடிப்பது ஒரு நாள் கழித்து. முதல் இரண்டு கோட் வெறும் பனித்தூவல்தான். எடுத்த எடுப்பில் நனைய அடித்தால் டீகால் சுருண்டுவிடும்.

ஆன்லைனில் ஸ்பிரே கேன் கேட்டால் ராமேஸ்வரத்துக்கு அனுப்ப மாட்டேன் என்கிறார்கள். கார் டிங்கரிங் கடையில் கிடைக்கும் என்.சி. (நைட்ரோ செல்லுலோஸ்) பெயிண்டும் தின்னரும் போதாதா? – ராமேஸ்வரம் வாசகர்

தீப்பிடிக்கும் ஏரோசால் விமானப் பார்சலில் ஏறாது. தரைவழி கூரியர் என்று குறிப்பிட்டுக் கேட்டால் சில கடைகள் அனுப்பும். ரயிலில் கையோடு கொண்டுவரலாம் என்று நினைக்காதீர்கள், அதற்கும் தடை. வல்லேஹோ போன்ற தண்ணீர் கலந்த அக்ரிலிக் பெயிண்டுக்கு இந்தச் சிக்கலே கிடையாது.

என்.சி. பெயிண்டைப் பயன்படுத்தலாம், வெறும் பிளாஸ்டிக் மேல் மட்டும் கூடாது. கடைத் தின்னர் கிட் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரினை அரித்து, சிலந்தி வலைபோல் மெல்லிய வெடிப்புகளை உண்டாக்கும். மிஸ்டர் சர்ஃபேசர் 1000 என்ற பிரைமரை மூன்று மெல்லிய கோட் கொடுத்து, இரண்டு நாள் காயவிட்டு, என்.சி.யைக் கிட்டத்தட்ட உலர்ந்த தூசிபோல் முதல் இரண்டு கோட் விடுங்கள். கிட் பாகங்கள் மாட்டி வரும் சட்டத்தின் உதிரித் துண்டில் சோதித்த பிறகே பாடிக்கு வாருங்கள். எங்களைக் கேட்டால் அந்தத் தின்னரின் உத்தமமான வேலை ஏர்பிரஷைக் கழுவுவதுதான். எதை அடித்தாலும் ஆவியை உறிஞ்சும் கார்பன் கேட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். என்-95 தூசியைத்தான் தடுக்கும், தின்னர் ஆவி அதன் வழியே தாராளமாகப் போகும்.

பொம்மைக்கடை அம்பாசடரை நல்ல மாடலாக மாற்ற ஆசை. எதிலிருந்து தொடங்குவது? – பிளஸ் டூ மாணவர், கீழக்கரை

அளவெடுப்பதிலிருந்து, தம்பி. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்து 2014 வரை உத்தரபாராவில் தயாரான அந்த காரின் வீல்பேஸ் 2464 மி.மீ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தை உன் பொம்மையில் அளந்து, 2464ஐ அதால் வகுத்துப் பார். 72 மி.மீ. இருந்தால் சுமார் 1/34. பிறகு முழு நீளம் 4325 மி.மீ.யையும் அதே அளவு எண்ணால் (இங்கே 34) வகுத்து, பொம்மை நீளத்தோடு ஒப்பிடு. பொம்மைகளில் இரண்டும் பெரும்பாலும் ஒத்துவராது. வித்தியாசம் 3 மி.மீ.க்குள் என்றால் விட்டுவிடு, யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. மார்க் 2, 3, 4 மூன்றுக்கும் முன் கிரில் வேறு வேறு. எந்தக் காரைச் செய்கிறாய் என்பதை ஒரு புகைப்படத்தை வைத்து முடிவு செய்துகொள்.

அடுத்து பிளாஸ்டிக் எது என்று தெரிய வேண்டும். உள்ளேயிருந்து நகத்தளவு ஒரு துண்டு வெட்டி நல்ல தண்ணீரில் போடு. மூழ்கினால் பெரும்பாலும் ஸ்டைரின் அல்லது ஏ.பி.எஸ்., மாடல் சிமென்ட் என்ற பிளாஸ்டிக் பசை பிடிக்கும். மிதந்தால் பாலிப்ரொப்பிலீனாக இருக்கும், பசையும் பிடிக்காது, பெயிண்டும் உரியும். வேறு பொம்மை பார். குரோம் பம்பர் கண்ணைக் குத்தும் மினுமினுப்பாக இருந்தால், வெள்ளைத்துணிக்குப் போடும் ப்ளீச்சில் ஊறவிட்டால் பூச்சு கரையும். கழிவறை ஆசிட்டை அதோடு சேர்த்துவிடாதே, குளோரின் வாயு கிளம்பும்.

பொம்மை சிவப்பு பிளாஸ்டிக் என்றால் மேலே அடிக்கும் வெள்ளை ரோஸாக மாறும், நிறம் ஊறி மேலே வரும். பிரைமருக்கு மேல் சில்வர் ஒரு கோட் தடுப்பாகக் கொடுத்து அதன்மேல் வெள்ளை அடி. அதுவும் தூய வெள்ளை வேண்டாம், பொம்மைத்தனம் போகாது. 10 மி.லி. வெள்ளையில் மஞ்சள் ஒரு துளி, பழுப்பு ஒரு துளி.

கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்த காரின் டயர், வீலோடு உருகி ஒட்டிக்கொண்டது. வெயில் படும் இடம்கூட இல்லை. – ஏர்வாடி வாசகர்

உருகியது வெயிலால் அல்ல. வினைல் டயரை மென்மையாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து பாலிஸ்டைரின் வீலைக் கரைக்கிறது. தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டுச் சூடு அதை விரைவுபடுத்தும். டயர் மாட்டும் முன் ரிம்மைச் சுற்றி, குழாய் வேலைக்கு வாங்கும் டெஃப்லான் டேப் ஒரே சுற்று போடுங்கள். டயர் பெட்டியின் தரையையும் கரைக்கும் என்பதால் சேஸிஸுக்கு அடியில் இரண்டு சிறு கட்டை வைத்து, டயர் தரையைத் தொடாமல் முடியளவு மேலே இருக்கும்படி தூக்கி நிறுத்துங்கள். கிட்டோடு வரும் இரும்பு அச்சுக்கு மெஷின் ஆயில் ஒரு பூச்சு. உப்புக் காற்றில் அது ஒரு வருடம்கூடப் பளபளப்பாக இருக்காது.

தனுஷ்கோடி மணலில் ஓடிய பழைய ஜீப்பைத் துருவோடு செய்கிறேன். அரிச்சல்முனை மணலையே அடியில் போடலாமா? துருவுக்கு உப்பு முறை சரிவருமா? – தங்கச்சிமடம் வாசகர்

ஒரு எச்சரிக்கை முதலில். மஹிந்திராவின் பழைய உயர் பானெட் ஜீப் வில்லிஸின் சி.ஜே.3பி மாடல் வழி வந்தது. டாமியாவின் 1/35 வில்லிஸ் எம்.பி. கிட்டில் பானெட் தாழ்வு. பிளாஸ்டிக் ஷீட்டால் பானெட்டையும் முன்பக்கத்தையும் உயர்த்தாவிட்டால் அது ராணுவ ஜீப்பாகத்தான் தெரியும்.

உண்மையான மணல் பொருந்தாது. கால் மி.மீ. பருக்கை 1/35இல் 9 மி.மீ. ஜல்லி. கொஞ்சம் மணலை மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசி, வாணலியில் வறுத்து, வேட்டித் துணியில் சலித்தால் அடியில் இறங்கும் தூள்தான் உங்களுக்கு மணல். மேலே தங்கியது கடலோரக் கல். ஃபெவிகாலும் டிஸ்டில்ட் வாட்டரும் சரிபாதி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, துளித்துளியாக விடுங்கள். பவளத்துண்டு மட்டும் எடுக்காதீர்கள். மன்னார் வளைகுடாப் பவளம் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது, கரையில் ஒதுங்கியதானாலும் கை வைக்க வேண்டாம்.

உப்பு முறையில் துரு நிறத்தின் மேல் உப்பைத் தூவி, காய்ந்ததும் பெயிண்ட் அடித்து, உப்பைத் தட்டிவிடுவார்கள். உங்கள் ஊரில் அந்த உப்பு காயாமல் கசிந்துகொண்டே இருக்கும். ஹேர் ஸ்பிரே முறைதான் தோது: அடர் பழுப்பு லாக்கர், ஒரு நாள் காயவிட்டு ஹேர் ஸ்பிரே இரண்டு கோட், அரை மணியில் மேல் நிறம் டாமியா எக்ஸ்.எஃப். அக்ரிலிக், ஒரு மணி நேரத்துக்குள் ஈரப் பிரஷால் தேய்த்தால் செதில் செதிலாகப் பெயரும். அடுத்த நாளுக்குத் தள்ளினால் பெயராது. கடலோர வண்டியில் துரு முதலில் பிடிப்பது வீல் ஆர்ச், தரைத் தகடு, தகடுகள் சேரும் மடிப்பு. பானெட்டின் நடுவில் போடும் துரு பொய்யாகத் தெரியும்.

முன் கண்ணாடியை ஃபெவிக்விக்கால் ஒட்டினேன், புகை படிந்ததுபோல் ஆகிவிட்டது. – தொண்டி வாசகி

ஃபெவிக்விக்கின் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வெண்படலமாகப் படிகிறது. 2000, 3000 வாட்டர் பேப்பர், பிறகு பாலிஷிங் காம்பவுண்ட், பாதிக்குமேல் தெளியும். அடுத்த முறை ஃபெவிகாலைக் குச்சி முனையால் ஓரத்தில் மட்டும் தடவி, டேப் ஒட்டி இரவு முழுக்க விடுங்கள்.