சப்ஊஃபர் போர்டு பாட்டுல இருந்து பேஸை மட்டும் எப்டி பிரிக்குது?

பாட்டு மொத்தமும் ஒரே ஒயர்லதான வருது, அதுல டிரம் எது பாடறவர் குரல் எதுன்னு அந்த சின்ன போர்டுக்கு எப்டி தெரியும்னு கேட்டிருக்கீங்க. அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. வேகமா ஆடறது எது, மெதுவா ஆடறது எதுன்னு மட்டும்தான் அதுக்கு கணக்கு. மெதுவா ஆடற கனத்த சத்தம்தான் பேஸ்.

வியாசர்பாடில ஒரு மைக் செட் கடைல எடுபிடியா இருந்தப்போ நானும் இத காசிமேட்டு வலை மாரின்னுதான் நெனச்சிகினு இருந்தேன், பெருசு மாட்டும் சிறுசு தப்பிச்சிடும்னு. அப்டி இல்ல. லாரி தண்ணி புடிக்கற குடத்த நெனச்சிக்கோங்க. மெல்லிசு டியூப் வழியா குடத்துல தண்ணி ஏத்தறீங்க, உடனே அதே டியூப்ல திருப்பி உறிஞ்சறீங்க. நிதானமா செஞ்சா குடம் ரொம்பும், காலியாவும், மட்டம் நல்லா ஏறி இறங்கும். படபடன்னு மாத்தி மாத்தி செஞ்சா மட்டம் அசையவே அசையாது, ரொம்பறதுக்கு டைமே இல்லையே. டியூப்தான் ரெசிஸ்டர், குடம்தான் கிரவுண்டுக்கு போட்ட கண்டென்சர், அந்த மட்டத்ததான் நாம அவுட்புட்டா எடுத்து ஆம்ப்ளிஃபையருக்கு குடுக்கறோம்.

10கே (அதாவது 10,000 ஓம்) ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் போட்டா ரெண்டையும் பெருக்கினா 1 மில்லிசெகண்ட், குடம் ரொம்ப ஆவற டைம் கிட்டத்தட்ட அவ்ளோ. 50 ஹெர்ட்ஸ் பேஸ் ஒரு பக்கம் ஆடவே 10 மில்லிசெகண்ட் எடுக்கும், சோ தாராளமா வந்துடும். 5000 ஹெர்ட்ஸ் சத்தத்துக்கு கெடைக்கறது 0.1 மில்லிசெகண்ட், இன்னாத்த ரொம்பும்? நடுவுல 159 ஹெர்ட்ஸ்ல வோல்டேஜ் 100க்கு 70 ஆகும், அதத்தான் கட் ஆஃப்னு சொல்றாங்க (2, பை அதாவது 3.14, ரெசிஸ்டர், கண்டென்சர் நாலையும் பெருக்கி, அதால 1ஐ வகுத்தா இந்த நம்பர் வரும்). கட் ஆஃப்னு பேர்தான், கத்தி வெச்சி வெட்டாது, 1600 ஹெர்ட்ஸ்லயும் பத்துல ஒரு பங்கு கேட்டுகினுதான் இருக்கும்.

இது எனக்கு மண்டைல ஏறினது ஒரு பதினாறாம் நாள் காரியத்துல. முந்தின நாள் பேஸ் பாக்ஸ் போர்டுல கண்டென்சர் போய்ட்டுதுன்னு நான்தான் மாத்துனேன், 104 போட வேண்டிய எடத்துல 103. 104ன்னா 10க்கு அப்புறம் நாலு சைபர், பிக்கோஃபாரட்ல, அதாவது 0.1 மைக்ரோ. 103ன்னா அதுல பத்துல ஒண்ணு, கட் ஆஃப் 159ல இருந்து 1590க்கு எகிறிடும். நைட்டு கானா ஆரம்பிச்சா பாடறவர் குரல் பேஸ் பாக்ஸ்ல இருந்து மூக்கடைச்ச மாரி வருது, மைக்க தட்றாரு, ஒயர ஆட்றாரு, கட அண்ணன் என்னைய மொறைக்கிறாரு. அன்னிக்கு வாங்குன திட்டு இருக்கே. எழுத்து பொடிசா இருந்தா மொபைல்ல ஃபோட்டோ எடுத்து பெருசு பண்ணி பாத்துட்டு போடுங்க.

நீங்களே வீட்ல கட்றதா இருந்தா இன்னொண்ணு. இந்த ரெண்டு பார்ட்ட மட்டும் போட்டு நேரா 10கே வால்யூம் கண்ட்ரோல்ல குடுத்தீங்கன்னா அது குடத்துல ஓட்டை போட்ட கத, சத்தம் பாதியாவும், கட் ஆஃப் 318க்கு ஏறிடும். அதனாலதான் கடைல விக்கற போர்டுல 4558னு ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர் ஐசி குந்திகினு கீது, ஃபில்டர் மேல லோடு விழாம அது தாங்கிக்கும், கூடவே ரெண்டு ரெசிஸ்டர்-கண்டென்சர் ஜோடி வெச்சி இன்னும் சரசரன்னு எறக்கும்.

ட்வீட்டர்ல, அதான் கூர் சத்தத்துக்குன்னு இருக்கற சின்ன ஸ்பீக்கர்ல, இதே கதைதான், கண்டென்சர கிரவுண்டுக்கு போடாம வர்ற வழிலயே சீரீஸா போடுவாங்க, அப்ப பேஸ் மாட்டிக்கும், கூர் சத்தம் போவும். 8 ஓம் ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோ போட்டா சுமார் 4200 ஹெர்ட்ஸ்க்கு மேல. 'நான்-போலார்' (ப்ளஸ் மைனஸ் இல்லாதது) கண்டென்சர்னு கேட்டு வாங்குங்க, ப்ளஸ் மைனஸ் போட்ட சாதா கண்டென்சர் அங்க ஆவாது.