மார்கழிக் கச்சேரியும் கல்லூரி மாணவர்களும்: கேள்வி பதில்

சென்னையில் கட்டடக்கலை இறுதியாண்டு படிக்கிறேன். மார்கழி வந்துவிட்டால் வகுப்பு முடிந்ததும் கர்நாடக சங்கீதக் கச்சேரி நடத்தும் ஏதாவது ஒரு சபாவில்தான் இருப்பேன், மடியில் ஸ்கெட்ச் நோட்டோடு. டிசம்பர் சீசன் எனும் இந்த இசை விழாக் காலத்துக்கு முதல்முறையாக வர நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, டிக்கெட் விலையைப் பார்த்தாலே தயக்கமாக இருக்கிறது. ஹாஸ்டலில் இருப்பவன் கையில் உள்ள காசுக்குக் கச்சேரி கேட்க முடியுமா? (கோவை, பொறியியல் இரண்டாமாண்டு)

தாராளமாக முடியும் தம்பி. மாலையில் பெரிய வித்வான்கள் பாடும் கச்சேரிக்குத்தான் முக்கியமாக டிக்கெட். பகல் கச்சேரிகளுக்குப் பெரும்பாலான சபாக்களில் அனுமதி இலவசம். மயிலாப்பூர், ஆழ்வார்ப்பேட்டை, தி.நகர் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், ஒரு இடத்தில் முடிந்ததும் பஸ் பிடித்து அடுத்ததற்குப் போய்விடலாம்.

காசு இருந்தாலும் நான் பகல் கச்சேரியைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன். அங்கே பாடுபவர்கள் பெரும்பாலும் நம் வயதுக்காரர்கள், இல்லையென்றால் நம்மைவிடச் சில வருஷம் மூத்தவர்கள். அவர்களில் பலரும் கல்லூரிக்குப் போய்க்கொண்டே சாதகம், அதாவது இசைப் பயிற்சி, செய்பவர்கள். கூட்டம் குறைவாக இருப்பதால் முன்வரிசையில் உட்கார்ந்து, வயலின் வித்வான் பாடகரின் முகத்தைப் பார்த்து அடுத்த சங்கதியை (ஒரே வரியை மாற்றிப் பாடும் விதத்தை) பிடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். பெரிய அரங்கின் பின்வரிசையில் அது கிடைக்காது.

மியூசிக் அகாடமியில் காலை வேளைகளில் நடக்கும் லெக்-டெம் எனப்படும் செயல்முறை விளக்கங்களையும் விடாதீர்கள். 1927-ல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டையொட்டி ஓர் இசை மாநாடு கூடியது. அதன் தொடர்ச்சியாக 1928-ல் உருவானதுதான் அகாடமி. இசையைப் பற்றிப் பேசுவது அன்றிலிருந்து அங்கே முக்கியமான வேலை.

எனக்கு ராகம் ஒன்றுகூடத் தெரியாது. போய் உட்கார்ந்தால் என்ன புரியும்? (நாகர்கோவில், பி.காம்.)

ராகத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தாளத்தில் தொடங்குங்கள். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அது நான்கு. அப்புறம் தட்டித் திருப்பு, மறுபடி தட்டித் திருப்பு, அது நான்கு. பாடகரின் கையையே பார்த்துக்கொண்டு கூடவே போடுங்கள். பத்து நிமிஷத்தில் கை பழகிவிடும். பாட்டு சில சமயம் தட்டு விழுந்த பிறகுதான் தொடங்கும் என்பது கையில் தாளம் இருந்தால்தான் தெரியும்.

ராகம் பிறகு தானாகப் பிடிபடும். வீட்டில் கேட்ட ஏதோ ஒரு சினிமாப் பாட்டின் சாயல், பாட்டு வரிகள் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையில் வந்து போகும். அந்த ராகத்தின் பெயரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் வந்ததும் பாதிக் கூட்டம் கேண்டீனுக்குப் போய்விடுகிறதே, நாமும் போகலாமா? (சேலம்)

போகாதீர்கள். எனக்கு இந்தப் பழக்கத்தின் மேல் தீராத வருத்தம் உண்டு. அதுவரை பாட்டுக்கு அனுசரணையாக வாசித்த மிருதங்க வித்வானுக்கு அன்றைக்குச் சொந்தமாகக் கிடைப்பது அந்தச் சில நிமிஷங்கள்தான். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்து மூடிக்கொண்டே இருந்தால் அவருக்கு எப்படி இருக்கும்?

உட்கார்ந்து கவனியுங்கள். மிருதங்கத்தின் இடப்பக்கத்துத் தோல் முகமான தொப்பியில் குழைத்த ரவை அப்பியிருக்கும். கும்கி எனும் அந்த ஆழ்ந்த ஒலி அதிலிருந்து வருகிறது. வலப்பக்கத்து முகமான வலந்தலையின் நடுவில் கருப்பாக இருப்பது கரணை. சுருதி கொஞ்சம் இறங்கினாலும் கல்லை எடுத்து விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டிச் சரிசெய்வார். கையில் பிடித்து வாசிக்கும் சிறு தோல் வாத்தியமான கஞ்சிராவை வாசிப்பவர் அதன் தோலில் தண்ணீர் தெளித்துச் சுருதியை இறக்கிக்கொள்வார். மண்பானை வாத்தியமான கடம் பெரும்பாலும் மானாமதுரை மண்ணில் செய்ததாக இருக்கும். குறைப்பு வரும்போது, மிருதங்கம் நீளமாக ஒன்று சொல்லும், கடம் அதற்குப் பதில் சொல்லும். பிறகு பாதி, அதிலும் பாதி என்று சுருங்கிக்கொண்டே போய் இரண்டும் சேர்ந்து மோரா, கோர்வை என்னும் முடிப்புச் சொற்கட்டுகளுக்குப் பாயும். மூன்று முறை வரும் அந்தக் கோர்வை முடிகிற இடத்தில் பாடகர் பாட்டை மறுபடி எடுக்கும்போது, உங்கள் கையிலும் தாளம் சரியாக இருந்தால், அந்தச் சந்தோஷத்துக்கு ஈடே இல்லை.

கேண்டீன் எங்கும் ஓடிப்போகாது. சாப்பிட மட்டும் வருகிறவர்களும் ஏராளம், கச்சேரி முடிந்த பிறகும் போய்க்கொள்ளலாம்.

கச்சேரியில் உட்கார்ந்து எப்படி வரைகிறீர்கள் அக்கா? அசைந்துகொண்டே இருப்பவர்களை வரைய எனக்கு வரவில்லை. (புதுச்சேரி, நுண்கலை முதலாண்டு)

முகத்தில் தொடங்காதீர்கள். உட்கார்ந்திருக்கும் முக்கோணத்தை முதலில் போடுங்கள். சம்மணமிட்ட கால்கள்தான் அடித்தளம், அது கச்சேரி முழுக்க அதிகம் மாறாது. வயலின் வாசிப்பவர் வரைய மிக அருமையானவர். வயலினின் நுனி வலது காலின் கணுக்காலில் ஊன்றியிருக்கும், மறுமுனை தோளிலும் மார்பிலும் சாய்ந்திருக்கும். அந்த ஒரு சாய்ந்த கோடு விழுந்துவிட்டால் மிச்ச உடம்பு அதைச் சுற்றி அமைந்துவிடும்.

பாடகரின் கையை ஆலாபனையில் வரையுங்கள். ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும், நான்காவது தடவை பிடித்துவிடலாம். ஸ்வரங்களை உடனுக்குடன் கற்பனையில் பாடும் கல்பனாஸ்வரத்தில் முயற்சி செய்தால் கை ஓடிக்கொண்டே இருக்கும். பென்சில் 4பி அல்லது 6பி, சின்ன நோட்டு. தாளைச் சரசரவென்று புரட்டாதீர்கள், பக்கத்தில் இருப்பவர் கேட்க வந்திருக்கிறார். மிருதங்க வித்வான் இடக்கைக்காரராக இருந்தால் மிருதங்கமும் வயலினும் பக்கம் மாறி உட்காரும். வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதால் அப்படி. அன்றைக்குப் படத்தின் அமைப்பே வேறாகிவிடும்.

போனில் பதிவு செய்யலாமா?

வேண்டாம். பல சபாக்களில் அனுமதியும் இல்லை. திரை வெளிச்சம் பின்னால் இருப்பவர் கண்ணில்தான் அடிக்கும்.

எங்கள் வீட்டில் கர்நாடக சங்கீதம் கேட்டதே இல்லை. எங்கள் தெருவில் பறையும் கானாவும்தான். அந்த அரங்குக்குள் எனக்கு இடம் இருக்கிறதா? (வடசென்னை, பி.ஏ. வரலாறு)

இருக்கிறது. இல்லை என்று யாருடைய பார்வையாவது சொன்னால், அது அவருடைய குறை. ஆனால் நீங்கள் கேட்பதில் நியாயம் உண்டு, மழுப்ப மாட்டேன். சபா வட்டம் நெடுங்காலமாக ஒரு சிறு சமூகத்தின் கையில் இருந்தது, இன்றும் பெருமளவு அப்படித்தான். அதே நேரம், இந்த இசையை வளர்த்ததில் நாகஸ்வரம், தவில் கலைஞர்களுக்கும் தேவதாசி மரபுப் பெண்களுக்கும் பெரிய பங்கு உண்டு. திருவையாற்றில் கீர்த்தனைகள் இயற்றிய தியாகராஜரின் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள், தம் சொத்தைச் செலவழித்து.

பாரிமுனைப் பக்கம் உங்களுக்குப் பழக்கம் என்றால் ராஜா அண்ணாமலை மன்றத்துக்குப் போங்கள். 1943-ல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா அங்கே டிசம்பரில் நடக்கும். தமிழ்ப் பாட்டு, பண் (பழந்தமிழ் ராகம்) ஆராய்ச்சி எல்லாம் உண்டு. நீலம் பண்பாட்டு மையம் 2020-ல் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’யில் பறையும் கானாவும் ஒப்பாரியும் மேடையேறுகின்றன. ஒன்றைக் கேட்பதற்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை. சபாவுக்கு வரும் என் நண்பர்களிடம் மக்களிசைக்கும் வாருங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மகள் தனியாக வரப் பிரியப்படுகிறாள். இரவு திரும்புவதை நினைத்தால் கவலையாக இருக்கிறது. (மதுரை, ஒரு தாய்)

கவலை இயல்புதான் அம்மா. மயிலாப்பூர் பக்கம் தெரிந்தவர் வீட்டிலோ விடுதியிலோ தங்கச் சொல்லுங்கள். பகல் கச்சேரிகளையே கேட்டால் இருட்டும் முன் திரும்பிவிடலாம். மாலைக் கச்சேரிக்கு இருந்தாலும் மயிலாப்பூரின் லஸ் பக்கம் இரவிலும் ஆள் நடமாட்டம் இருக்கும், திருமயிலை பறக்கும் ரயில் நிலையமும் அருகில்தான். முதல் இரண்டு நாளைக்கு யாராவது தோழி கூட இருந்தால் அவளுக்கே இடம் பிடிபட்டுவிடும்.

திருவையாறு ஆராதனைக்குப் போக ஆசை. எப்படித் திட்டமிடுவது? (வேலூர்)

நாள் ஆண்டுதோறும் மாறும். தியாகராஜர் மறைந்த புஷ்ய பகுள பஞ்சமிதான் (புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாள்) முக்கிய நாள், பெரும்பாலும் ஜனவரியில் வரும். சென்னை எழும்பூரில் இரவு உழவன் ரயில் ஏறினால் விடியலில் தஞ்சாவூர். அங்கிருந்து பஸ்ஸில் பக்கம்தான். டிக்கெட் எதுவும் கிடையாது. பந்தலில் தரையில்தான் உட்கார வேண்டும், ஒரு துண்டு கொண்டு போங்கள்.

பஞ்சமி காலையில் தியாகராஜரின் ஐந்து பாட்டுகளான பஞ்சரத்ன கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ராக வரிசை. ஐந்துமே ஆதி தாளம், ஆகவே மேலே சொன்ன எட்டு எண்ணிக்கை தெரிந்தால் பாடத் தெரியாவிட்டாலும் கூடவே தாளம் போடலாம். முந்தின நாளே போய்விடுவது நல்லது, காலையில் கூட்டம் நெரியும்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் தஞ்சாவூரில் வீணை செய்யும் பட்டறையைப் பாருங்கள். பலா மரத்தைக் குடைந்து குடம் எடுப்பதும், மெழுகு வைத்து மெட்டுகள் எனும் உலோகக் கம்பிகளைப் பதிப்பதும் வரைபவர்களுக்குப் பெரிய விருந்து. கேட்டுக்கொண்டு வரையுங்கள், வேலைக்கு இடைஞ்சலாக நிற்காதீர்கள்.

எங்களுக்கு செமஸ்டர் டிசம்பர் 20-க்கு மேல்தான் முடிகிறது. அப்புறம் வந்தால் ஏதாவது மிச்சம் இருக்குமா?

நிறைய இருக்கும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரைதான் சீசன் உச்சத்தில் இருக்கும். அகாடமியில் நடன விழா தொடங்குவதே ஜனவரி முதல் வாரத்தில்தான். பொங்கலையொட்டிப் பூங்காக்களிலும் மைதானங்களிலும் சென்னை சங்கமம் நடக்கும். தேர்வை நன்றாக எழுதிவிட்டு, ஊருக்கு ரயில் ஏறும் முன் மூன்று நாள் ஒதுக்குங்கள், போதும்.