அப்ரண்டிஸ் கேள்வி–பதில்: பதிவு எண் இருக்கிறதா?

ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் முடித்து அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் டிரெய்னியாக இருக்கிறேன். பி.எஃப். கூடப் பிடிக்கிறார்கள். அப்ரண்டிஸ் சர்டிபிகேட் எப்போது வரும்?

வராது. விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். 1961-ம் ஆண்டுத் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டப்படி சேர்ந்தவருக்கு பி.எஃப்.பும் இல்லை, ஈ.எஸ்.ஐ.யும் இல்லை. நீங்கள் வேலையாள், டிரெய்னி என்பது பெயருக்குத்தான். சம்பளம் ஒழுங்காக வந்தால் தாராளமாக இருங்கள், தப்பில்லை. என்.ஏ.சி., அதாவது தேசிய அப்ரண்டிஸ் சர்டிபிகேட், வேண்டுமென்றால் அரசு போர்ட்டலில் ஒப்பந்தம் பதிவாகி எண் வந்திருக்க வேண்டும். எண் இல்லையென்றால் அப்ரண்டிஸ் இல்லை.

சார், தம்பிக்கு அப்ரண்டிஸ் வேண்டும். நல்ல கம்பெனியாகச் சொல்லவும். அவசரம்.

என்ன டிரேடு? எந்த மாவட்டம்? பாஸா, அரியரா? ஒன்றும் எழுதாமல் அவசரம் மட்டும் எழுதினால் எப்படி? மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்கு மார்க் ஷீட்டோடு தம்பியையே அனுப்புங்கள். கையில் பிடித்துக் கூட்டிப் போகாதீர்கள்.

ஃபிட்டர் அப்ரண்டிஸ், ஒசூர். பதிவு எண் இருக்கிறது. ஆறு மாதமாக ஒரே சி.என்.சி. மெஷினில் பீஸ் ஏற்றி இறக்குவதுதான் வேலை. ஷிஃப்டுக்கு டார்கெட், தாண்டினால் இன்சென்டிவ். கேட்டால் நிறுத்திவிடுவார்களோ என்று பயம்.

இந்தக் கடிதம் ஊர் பெயர் மட்டும் மாறி வந்துகொண்டே இருக்கிறது. பதில் எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது, கம்பெனிகளுக்கு அலுக்கவில்லை.

ஃபிட்டர் என்றால் மார்க்கிங், டிரில்லிங், டேப்பிங், ஸ்கிரேப்பிங் எல்லாம் கையில் ஓட வேண்டும். பேரிங் கழற்றி மாட்டத் தெரிய வேண்டும், அலைன்மென்ட் பார்க்கத் தெரிய வேண்டும். பிரேக்டவுன் என்றால் மெயின்டனன்ஸ் ஆள் பின்னாலேயே ஓடி, அவர் எதை முதலில் தொடுகிறார் என்று பார்க்க வேண்டும். கதவைத் திற, பீஸை வை, பச்சை பட்டனை அமுக்கு என்பதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். மீதி மாதங்கள் எதற்கு? மலிவாக ஓர் ஆள் கிடைத்தான், அதற்குத்தான். கடைசியில் டிரேடு டெஸ்டில் ஃபிட்டிங் ஜாப் கொடுப்பார்கள். ஒரு வருடமாக அரத்தையே தொடாத பையன் அங்கே வியர்த்து நிற்பான். ஃபெயில் அவன் பெயரில்தான் விழும், கம்பெனி பெயரில் இல்லை.

சட்டத்தின் 13-ம் பிரிவு நேராகவே சொல்கிறது: அப்ரண்டிஸுக்குப் பீஸ் ரேட்டில் பணம் தரக்கூடாது, உற்பத்தி போனஸ், இன்சென்டிவ் எதிலும் பங்கெடுக்கச் சொல்லக்கூடாது. அப்ரண்டிஸ்களைக் கவனிக்கும் அரசு அதிகாரியான அட்வைசரின் அனுமதி இல்லாமல் ஓ.டி.யும் (ஓவர்டைம்) கிடையாது. ‘ஆள் பற்றாக்குறை சார்’ என்பார்கள். பற்றாக்குறை என்றால் சம்பளம் கொடுத்து ஆள் எடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: எந்த மாதம் எந்தச் செக்‌ஷன் என்ற பயிற்சி அட்டவணையைக் கேட்டு, பயிற்சிப் பொறுப்பாளருக்கு மெயில் போடுங்கள். வாயால் கேட்டது கணக்கில் வராது. லாக் புக்கை அன்றன்றைக்கு, உண்மையாக எழுதுங்கள். வருடக் கடைசியில் ஒரே ராத்திரியில் எல்லாப் பக்கத்தையும் நிரப்பிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள், போடாதீர்கள். மெயிலுக்குப் பதில் இல்லையென்றால் நகலோடு மாவட்ட அலுவலகம். பயம் வேண்டாம். பதிவான ஒப்பந்தத்தை இடையில் முறிக்க யாரானாலும் அட்வைசரிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ‘நாளையிலிருந்து வராதே’ என்று சூப்பர்வைசர் சொன்னால் போதாது. நீங்களும் அப்படியே, சொல்லாமல் நின்றுவிடாதீர்கள்.

குறிச்சியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், மொத்தம் ஆறு பேர். நான் அப்ரண்டிஸ் எடுக்க முடியுமா?

முடியும். முப்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் கட்டாயம். நாலு பேர் இருந்தாலே விருப்பப்பட்டு எடுக்கலாம். 2019 விதிப்படி ஐ.டி.ஐ. முடித்தவருக்கு உதவித்தொகை மாதம் ஏழாயிரத்துக்குக் குறையக்கூடாது. அதற்கு மேல் திருத்தம் வந்திருக்கிறதா என்று போர்ட்டலில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த உதவித்தொகையில் கால் பங்கு, அதிகபட்சம் 1,500 ரூபாய், மத்திய அரசு தரும். என்னைக் கேட்டால் பெரிய கம்பெனியைவிட உங்களிடம்தான் பையன் தேறுவான். டூல் கிரைண்ட் செய்வதிலிருந்து பில் போடுவது வரை அவனே பார்ப்பான். முதலில் பதிவு, பிறகு பட்டறை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இழுக்காதீர்கள்.

வெல்டர் அப்ரண்டிஸாக இருக்கும் மகனுக்குக் கையில் அடி. ‘அவன் தொழிலாளி இல்லை, நஷ்டஈடு கிடையாது’ என்கிறார்கள்.

பாதி உண்மை சொல்லி ஏமாற்றுகிறார்கள். அப்ரண்டிஸ் தொழிலாளி இல்லைதான். ஆனால் பயிற்சியில் பட்ட காயத்துக்கு இழப்பீடு தர முதலாளி பொறுப்பு என்று அப்ரண்டிஸ் சட்டத்தின் 16-ம் பிரிவிலேயே இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டு எதையும் தொலைக்காதீர்கள். பதிவு எண்ணையும் எடுத்து வையுங்கள்.

முடித்ததும் அங்கேயே வேலை நிச்சயமா?

நிச்சயம் இல்லை. எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ரயில்வேயில் முடித்தவர்களுக்கு மட்டும் லெவல்-1 (கடைநிலை) பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. அதற்கும் தேர்வு எழுத வேண்டும்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

காட்டலாம், கொடுக்கக் கூடாது. சரிபார்த்ததும் கையோடு வாங்கிக்கொண்டு நகலைக் கொடுங்கள். வாங்கி பீரோவில் பூட்டுகிற இடமென்றால் அங்கே சேர வேண்டாம்.